முன்வரிசைக் கட்டைவிரல்

அணியில் பாதிப் பேர் மாரிகாவின் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் அவளுடைய வலது கட்டைவிரலைத்தான்.

ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் நாட்களில், மதியம் வாக்கெடுப்பு தொடங்கிவிட்டால் அவைத்தலைவர் திருத்தங்களை மழை மாதிரி கொட்டிக்கொண்டே போவார். எது எதைப் பற்றியது என்று புரட்டிப் பார்க்க யாருக்கும் அவகாசம் கிடையாது. அதனால் ஒவ்வொரு கட்சி அணிக்கும் முன்வரிசையில் ஒருவர் உண்டு. அவர் கட்டைவிரல் மேலே போனால் ஆதரவு. கீழே போனால் எதிர்ப்பு. உள்ளங்கை விரிந்தால் நடுநிலை. பின்னால் இருப்பவர்கள் அதைப் பார்த்து, மேசையிலுள்ள வாக்குக் கருவியில் ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு என்று அழுத்துவார்கள். மாரிகா நான்கு வருடங்களாக அந்த இருக்கையில் இருந்தாள். ஒருமுறைகூட விரல் தவறியதில்லை.

அந்தப் புதன்கிழமை முற்பகல், விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில், அதே விரல் காபிக் கோப்பையின் காதைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது.

காரணம் மகள் லீலோவின் தொலைபேசி அழைப்பு. அவள் கேட்டது என்னவோ பூட்ஸைப் பற்றித்தான்.

"அம்மா, என் பனி பூட்ஸ் எங்க வச்சே?"

"மாடிப்படிக்குக் கீழ. அப்பாகிட்ட கேட்க வேண்டியதுதானே?"

"அவருகிட்டயா? திங்கக்கிழமையிலேர்ந்து அவரு ஆளே சரியில்ல. காபில உப்பைப் போட்டுக் குடிக்கிறாரு, குடிச்சதும் தெரியல."

"ஏன், என்ன ஆச்சு?"

மெதுவாக, "உன்கிட்ட சொல்லலையா?" என்றாள் லீலோ.

மாரிகா கோப்பையைக் கீழே வைத்தாள். "லீலோ. சொல்லு."

"நான் சொன்னேன்னு சொல்லாதே. ராத்திரி தீவுல ஒரு தாத்தாவுக்கு மாரடைப்பு. அப்பாவும் உர்மாஸ் மாமாவும் போனாங்க. ஒரே பனிமூட்டம். தீவுக்கு மேல வந்துட்டோம், இறங்கலாம்னு கருவி காட்டுச்சாம். இறங்கிட்டே இருந்தாங்களாம். கீழ நுரை தெரிஞ்சுதாம்மா. கடல். தீவே அங்க இல்ல. உர்மாஸ் மாமா கத்தின பிறகுதான் அப்பா ஹெலிகாப்டரை மேல தூக்கினாராம்."

மீலிஸ், மாரிகாவின் கணவன், எஸ்தோனியாவின் மேற்குத் தீவுகளுக்கு மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டுபவன்; உர்மாஸ் அவனோடு பறக்கும் கூட்டாளி. எல்லைக்கு அப்பாலிருந்து யாரோ செயற்கைக்கோள் சமிக்ஞையை அமுக்குவது பால்டிக் கரையில் பழகிப்போன தொல்லை. அமுக்கினால் கருவி ஊமையாகிவிடும்; ஊமையானது உடனே தெரிந்துவிடும், வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். இது ஊமைக் கருவி அல்ல. உண்மையான சமிக்ஞையைப் போலவே வேஷம் போட்டு, 'நீ இங்கேதான் இருக்கிறாய்' என்று நம்பிக் கேட்டவனிடம் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மதியம் மன்றத்தில் வாக்குக்கு வருவதும் அதே சங்கதிதான். எல்லா நாடுகளும் சேர்ந்து நடத்தும் செயற்கைக்கோள் வழிகாட்டித் திட்டம். அதில் பதினேழாவது திருத்தம், எல்லையோரத்து மீட்பு ஹெலிகாப்டர்களுக்குப் பொய்ச் சமிக்ஞையை இனம் காணும் கருவிகளைப் பொதுச் செலவில் பொருத்தச் சொன்னது. மாரிகாவின் அணி அதை எதிர்ப்பதென்று முடிவு செய்திருந்தது. முந்தைய நாள் அணிக் கூட்டத்தில் அவள் ஆய்வறிக்கைகளை எடுத்து வைத்து நிதானமாக வாதாடிப் பார்த்தாள். பேச்சு எடுபடவில்லை. தன் புருஷன்தான் அந்த ஹெலிகாப்டரில் உட்கார்ந்திருப்பவன் என்று அவள் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை வேலை இடத்துக்குக் கொண்டுவருவது அவள் வளர்ந்த ஊரில் மட்டமான பழக்கம்.

மீலிஸைக் கூப்பிட்டாள். பின்னணியில் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"என்ன, இந்த நேரத்துல? ஓட்டுப் போட மறந்துட்டியா?" என்றான்.

"திங்கக்கிழமை என்ன நடந்துச்சு?"

"லீலோவா? அந்தப் பொண்ணு வாய்ல ஒரு பட்டாணிகூட நிக்காது."

"மீலிஸ்!"

"ஒண்ணும் ஆகலையே. முழுசா இருக்கேன் பாரு. தீவு இருந்த இடத்துலதான் இருந்துச்சு, கருவிதான் ஊர் சுத்தப் போயிருச்சு." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியிலேயே நின்றது. "சரி, கேளு, இப்ப போகணும். ஹீயுமா தீவுல ஒரு பொண்ணு, ஏழாம் மாசம், ரத்தப்போக்கு. கப்பல்ல கொண்டுவர நேரமில்ல."

"வெளிய எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு."

"போகாதே."

அந்த வார்த்தையை இருபது வருடக் குடித்தனத்தில் அவள் சொன்னதே இல்லை. அவனுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"மாரிகா, அந்தப் பொண்ணுக்கும் ஒரு புருஷன் இருப்பான்ல? இறங்கினதும் அனுப்புறேன்."

அனுப்புவது ஒரே வார்த்தைதான்: 'தரை'. ஒவ்வொரு முறையும் சக்கரம் மண்ணைத் தொட்டதும் அந்த வார்த்தை வரும். கூட்டத்தில் இருந்தாலும் தூக்கத்தில் இருந்தாலும் மாரிகாவுக்கு அது வந்த பிறகுதான் மூச்சு முழுசாக வெளியே வரும்.

நாடாளுமன்றத்து நடைவழியில் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த பெட்டிகள் அறைக்கதவுகளுக்கு வெளியே கிடந்தன. மாதாமாதம் மன்றமே அங்கிருந்து இங்கே பெயர்ந்து வரும் இந்த ஊர்வலம் உண்டு. காகிதமெல்லாம் பெட்டியில் ஏறி வரும், பெட்டியிலேயே திரும்பிப் போகும். மாரிகாவின் பெட்டியில் எப்போதும் ஊர்க் கருப்பு ரொட்டி ஒன்றும் ஏறிக்கொள்ளும். அன்று அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. நேராக யோரிஸைத் தேடிப் போனாள்.

யோரிஸ் பெல்ஜியக்காரர், அணியின் முடிவுகளைக் கட்டிக் காப்பவர். மன்றத்து வாசலில் நின்று கையில் இருந்த பிரெட்செல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மாரிகா நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"உங்க வீட்டுக்காரரா? நாலு வருஷத்துல ஒரு தடவைகூட சொன்னதில்லையே நீங்க?"

"இப்ப சொல்றேன். பதினேழை அவங்கவங்க மனசுக்கு விட்டுடுங்க. எதிர்ப்புன்னு கட்டாயப்படுத்தாதீங்க."

யோரிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அரசாங்கங்களோட ஒரு வருஷம் பேசி முடிச்ச ஒப்பந்தம் இது. ஒரு கால்புள்ளி மாறினாலும் பழையபடி முதல்லேர்ந்து. மொத்தத் திட்டமும் தள்ளிப் போகும். தெரியும்ல?"

"தெரியும்."

"கூட்டம் கூட்டாம நான் முடிவை மாத்த முடியாது. இன்னும் கொஞ்ச நேரத்துல மணி அடிச்சுடும்." அவர் குரல் தணிந்தது. "உங்க ஓட்டு உங்களோடது. பச்சையை அழுத்துங்க, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா அந்தக் கட்டைவிரல் அணியோடது மாரிகா. வேணும்னா இன்னிக்கு வேற யாரையாவது உட்கார வைக்கட்டுமா?"

வேண்டாம் என்று தலையசைத்தாள். ஏன் அசைத்தாள் என்று அவளுக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை. இருக்கைக்குப் போகும் படிகளில் இறங்கும்போதுதான் அந்த எண்ணம் தலையை நீட்டியது.

விரலை மேலே தூக்கிவிட்டால் என்ன?

ஒரே ஒருமுறை. பதினேழுக்கு மட்டும். பின்னால் இருக்கும் அத்தனை பேரும் பச்சையை அழுத்துவார்கள். மற்ற அணிகளின் கணக்கு அவளுக்கு அத்துப்படி. திருத்தம் நிச்சயம் ஜெயிக்கும். அப்புறம் யாராவது கேட்டால், 'வரிசை தவறிடுச்சு, பதினாறுன்னு நினைச்சேன்' என்றால் போதும். எந்த அணியில் நடக்காத தவறு? எல்லோரும் நம்புவார்கள்.

"தோனா மாரிகா!" பின் இருக்கையிலிருந்து கரகரத்த குரல் வந்தது. போர்ச்சுகல்காரர் அபிலியு. வயதானவர், வாக்கெடுப்பு நாட்களில் காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு பாதி உறக்கத்தில் இருப்பார். "இன்னிக்கு விரல் ஏன் வெளுத்துப் போயிருக்கு? பட்டினி போட்டீங்களா அதை?"

"நல்லாத்தான் இருக்கு சென்யோர் அபிலியு."

"பாத்துக்குங்க. நான் கட்டிக்கிட்டவ பேச்சைக்கூடக் கேட்டதில்ல. வாழ்க்கையில நம்பிக் கேட்டது அந்த விரலோட பேச்சை மட்டும்தான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரிகாவும் உதட்டை இழுத்துக் காட்டினாள். கைப்பேசியை எடுத்து மேசைமேல் திரை தெரிய வைத்தாள். ஒன்றும் வரவில்லை.

மணி அடித்தது. அவைத்தலைவர் வந்தார். வாக்கெடுப்பு தொடங்கியது.

முதல் திருத்தம், விரல் மேலே. இரண்டாவது, கீழே. மூன்றாவது, நான்காவது. அவள் கை தானாக ஏறி இறங்கியது. கண் மட்டும் கைப்பேசியை விட்டு நகரவில்லை. கரையிலிருந்து ஹீயுமாவுக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் வார்த்தை வந்திருக்க வேண்டும். திரை கறுப்பாகவே கிடந்தது. அதில் மன்றத்து விளக்குகளும் அவளுடைய மூக்கின் நுனியும்தான் தெரிந்தன.

பத்து. பதினொன்று. இப்போது அந்தக் கருவி அவனிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறதோ? 'வந்துவிட்டாய், இறங்கு' என்கிறதோ? கீழே நுரை தெரியும் உயரத்துக்கு வருவதற்குள் உர்மாஸ் கண்ணில் படுமா? உர்மாஸுக்குப் போன வருடம்தான் கண்ணாடியை மாற்றினார்கள். இதெல்லாம் ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது?

பதினைந்து. கீழே. பதினாறு. மேலே.

"திருத்தம் பதினேழு," என்றார் தலைவர். "பெயர்ப் பதிவுடன் வாக்கெடுப்பு. வாக்குப்பதிவு தொடங்குகிறது."

மாரிகாவின் கை உயர்ந்தது. மூடிய முஷ்டி மட்டும். விரல் இன்னும் வெளியே வரவில்லை.

ஒரு நொடிதான் இருந்திருக்கும். பின்னால் அறுபது எழுபது ஜோடிக் கண்கள் தன் கையில் வந்து உட்கார்ந்ததை முதுகால் உணர்ந்தாள். யாரும் காகிதத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நம்பியிருந்தார்கள். பனியில் கருவியை நம்பி இறங்கிக்கொண்டிருந்த மீலிஸ் மாதிரி. நீ இங்கேதான் இருக்கிறாய், இறங்கு என்று அவனிடம் சொன்னவன், எவனோ, எங்கோ ஒரு சூடான அறையில் உட்கார்ந்துதானே சொல்லியிருப்பான்? அவனுக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.

அவள் கட்டைவிரலைக் கீழே திருப்பினாள். முழங்கையை விலாவோடு ஒட்டி அழுத்திக்கொண்டாள். இடது கையால் தன் வாக்குக் கருவியில் பச்சையை அழுத்தினாள்.

அவள் முன்னால் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பின்வரிசைகளில் விளக்குகள் சிவப்பாகப் பூத்தன.

"தோனா மாரிகா," அபிலியு குனிந்து முணுமுணுத்தார். "தப்பா அழுத்திட்டீங்க. விரல் கீழ, விளக்கு பச்சை."

"தப்பில்ல."

"என்னது?"

திரும்பினாள். நான்கு வருடம் பூட்டி வைத்திருந்தது ஒரே மூச்சில் வெளியே விழுந்தது. "இந்தத் திருத்தம் சொல்ற ஹெலிகாப்டரை ஓட்டுறது என் புருஷன். திங்கக்கிழமை கருவி பொய் சொல்லி கடல்ல விழப் பாத்தாரு. இப்பவும் மேலதான் இருக்காரு, ஒரு தகவலும் இல்ல."

அபிலியுவின் வாய் திறந்தபடி நின்றது. அவருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்லோவேனியப் பெண் "என்ன? என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் பின்னால் திரும்பிச் சொன்னாள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்புவது தெரிந்தது.

"எல்லோரும் வாக்களித்துவிட்டீர்களா?" தலைவர் கேட்டார்.

"என் கருவி வேலை செய்யல!" எங்கோ வலது ஓரத்திலிருந்து ஒருவர் கத்தினார். எப்போதும் ஒருவர் கத்துவார். வழக்கமாக மன்றமே சலித்துக்கொள்ளும். அன்று மாரிகா அந்த முகம் தெரியாத மனிதருக்காகப் பிரார்த்தித்தாள். பதிவு மூடும்வரை அழுத்தியதை மாற்றலாம். கத்து, இன்னும் கத்து.

"அட்டையைத் தலைகீழா சொருகியிருக்கீங்க!" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

பின்னால் ஒரு சிவப்பு பச்சையாக மாறியது. இன்னொன்று. ஸ்லோவேனியப் பெண்ணுடையது மாறியது. அபிலியு மூக்குக்கண்ணாடியைத் தேடி நெஞ்சைத் தடவினார். கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. இறக்கி மாட்டிக்கொண்டு விரலை நீட்டினார்.

"வாக்குப்பதிவு முடிந்தது."

அவருடைய விளக்கு சிவப்பாகவே உறைந்து நின்றது.

பெரிய திரையில் எண்கள் வந்தன. திருத்தம் நான்கு ஓட்டில் தோற்றிருந்தது.

"ஐயோ, கடவுளே," என்றார் அபிலியு. "ஐயோ, என் கடவுளே."

"திருத்தம் பதினெட்டு," என்றார் தலைவர்.

மாரிகா கையைத் தூக்கினாள். மேலே. பத்தொன்பது, கீழே. அழக்கூட அங்கே இடைவெளி இல்லை. கைப்பேசி கறுப்பாகவே கிடந்தது. நான்கு ஓட்டு. விரலை மேலே திருப்பியிருந்தால், அல்லது நேற்றுக் கூட்டத்தில் அறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு 'என் புருஷன் இந்த வேலைதான் பார்க்கிறார்' என்று ஒரே ஒரு முறை வாயைத் திறந்திருந்தால்! விரலையே நம்பி நம்பி, வாய் என்று ஒன்று இருப்பதை மறந்துபோய்விட்டேனே என்று நினைத்தாள். அந்த நினைப்பைவிட அந்தக் கறுப்புத் திரை அதிகமாகக் குத்தியது.

திட்டத்தின் மீதான கடைசி வாக்கெடுப்பு வந்தது. விரல் மேலே. அவர்கள் பக்கம் முழுவதும் பச்சை. மன்றம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் மேசை அதிர்ந்ததை அவள் முதலில் கவனிக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

'தரை.'

எழுத்துகள் கலங்கின. தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"விரலை இறக்குங்க தோனா மாரிகா," என்றார் அபிலியு மெதுவாக. "எல்லாம் முடிஞ்சுது." பிறகு திரையைப் பார்த்துவிட்டு, "வந்துட்டாரா?" என்றார்.

தலையசைத்தாள். அவர் எட்டி அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அது ஆறுதலை விடப் பலமாகவே விழுந்தது. "ஏம்மா, நேத்து மதியம் எனக்கு எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டீங்க? உப்பு பத்தலைன்னு சொன்னீங்க. உங்க வீட்டுக்காரரு வேலையைச் சொல்லக்கூடாதா? எனக்கும் மீன்பிடிக்கப் போன தம்பி இருந்தான். பனியிலதான் போனான்."

அவள் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் எழுந்தார். "வாங்க எல்லாரும்," என்று பின்வரிசையைப் பார்த்துக் கத்தினார். "ஓட்டைத் திருத்தி எழுதிக் கொடுத்துட்டு வருவோம்."

ஓட்டைத் திருத்தலாம், நான் அழுத்த நினைத்தது பச்சை என்று பதிவு செய்யலாம். நடவடிக்கைக் குறிப்பில் பெயர் ஏறும். முடிவு மட்டும் மாறாது. அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. தெரிந்தும் அபிலியுவுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று போனார்கள். நான்கு பேருக்கு மேல் போனார்கள். மாரிகா ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டாள், எண்ணினால் வலித்தது.

யோரிஸ் படியில் அவளை நிறுத்தினார். வரிசையாகப் போகிறவர்களைப் பார்த்தார். "நீங்க விரலை மேல திருப்பப் போறீங்கன்னு நினைச்சேன்," என்றார். "வாசல்லேர்ந்து உங்க கையையே பாத்துட்டு நின்னேன். திருப்பியிருந்தா தடுத்திருக்க முடியாது."

"திருப்பப் பாத்தேன்."

"தெரியும்." அவர் தொண்டையைச் செருமினார். "இலையுதிர் காலத்துல பட்ஜெட் வருது. அதுல இந்தக் கருவிக்குத் தனியா ஒரு தொகை கேக்கலாம். அணிக் கூட்டத்துல முதல்ல நீங்க பேசுங்க. அறிக்கை எதுவும் வேணாம். காலையில வாசல்ல சொன்னதை அப்படியே சொல்லுங்க."

இலையுதிர் காலம். அதற்குள் எத்தனை பனி நாட்கள்.

நடைவழியில் தன் பெட்டிமேல் உட்கார்ந்து மீலிஸைக் கூப்பிட்டாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"கருவியை அணைச்சுட்டேன். கரையைத் தொட்டாப்ல, பாறை பாறையா பாத்துட்டு சுத்திப் போனோம். உர்மாஸ் ஜன்னல்ல மூக்கை ஒட்டிட்டே வந்தான், மூக்கு இன்னும் தட்டையா இருக்கு." இந்த முறை அவன் சிரிக்க முயலவில்லை. "பொண்ணு ஆஸ்பத்திரில. பொழைச்சுப்பா போல. உங்க ஓட்டு என்னாச்சு?"

"தோத்துட்டோம். நாலுல."

"நாலா?"

"மீலிஸ், நான் விரலை மேல திருப்பியிருந்தா ஜெயிச்சிருக்கும்."

இயந்திரத்தின் இரைச்சல் இப்போது இல்லை; அவன் மூச்சு விடுவது கேட்டது.

"திருப்பலையா?"

"இல்ல."

"சரி," என்றான். பிறகு, "பின்னாடி இருக்கிறவங்களுக்கு உன் விரலை விட்டா வேற என்ன இருக்கு?" என்றான். அவள் அழுவது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். "மாரிகா, திங்கக்கிழமை நான் பயந்துட்டேன். கை நடுக்கம் இன்னும் நிக்கல. உன்கிட்ட சொன்னா அது உண்மையாயிடும்போல இருந்துச்சு. அதான்."

"எனக்கும் நிக்கல," என்றாள். "இனிமே சொல்லிடு. நானும் சொல்றேன். எல்லார்கிட்டயும்."

"லீலோகிட்ட சொல்லிட்டா போதும். எஸ்தோனியா பூரா தெரிஞ்சுடும்."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அந்தப் பக்கம் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம். மீலிஸ் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு ஏதோ கேட்டான், பதில் வந்தது.

"வோர்ம்ஸி தீவுல ஒரு பெரியவர். கீழ விழுந்து இடுப்பு உடைஞ்சிருக்கு," என்றான்.

"பனி?"

"அப்படியேதான் இருக்கு."

போகாதே என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கவில்லை. "பயமா இருக்கு மீலிஸ்," என்றாள்.

"எனக்கும்," என்றான் அவன். "இறங்கினதும் அனுப்புறேன்."

மாரிகா பெட்டியைத் திறந்து கருப்பு ரொட்டியை எடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நடைவழியில் அபிலியு அந்தப் பக்கமாக வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பக்கத்துப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அவள் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவரிடம் கொடுத்தாள். கைப்பேசியை இருவருக்கும் நடுவில், திரை தெரிய வைத்தாள்.

"மறுபடி போயிருக்காரு," என்றாள்.

"சரி, பாத்துட்டு இருப்போம்," என்றார் அவர்.